பந்தியும் உலையும்: தமிழ்க் கிறித்தவ நாட்டார் பாடல்களில் விவிலியப் படிமமும் சாதியெதிர்ப்பு அரசியலும்

ஆய்வுச்சுருக்கம்

ஒடுக்கப்பட்ட மக்களின் பாடல்களில் விவிலியம் அரசியல் மொழியாக வழங்குவதை ஆராய்ந்தோர் பெரும்பாலும் விடுதலைப் பயணம், பாபிலோன் ஆகிய இரு படிமங்களையே முதன்மைப்படுத்தியுள்ளனர். தமிழகத்தில் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) உருவாக்கிய நாட்டார் இசைப் பாடல்களில் மையம் கொள்வது உணவுப் படிமம். ‘ஓர் உலை’ என்னும் அக்கருத்து, தமிழ்ச் சமூகத்தில் சாதி செயற்படும் இடத்தை நேராகச் சுட்டுவதால் எதிர்ப்பு ஆற்றல் பெறுகிறது என்பதையும், அதற்கு எல்லைகளும் உள என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்டார் இசை, தலித் இறையியல், கீர்த்தனை, உலை, பந்தி, பறை, தியோபிலஸ் அப்பாவு.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவப் பாடல்கள் பக்தியைப் பாடுவன. அரசியல் பாடாதவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. கீர்த்தனைகளையும் மேலைநாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளையும் மட்டும் கருத்திற் கொள்வோர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயின் 1980களிலிருந்து மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைச் சூழ்ந்து எழுந்த நாட்டார் இசை இயக்கம் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என்னும் பெயரால் அறியப்பட்டவர். வழிபாட்டு முறைமையையே நாட்டார் மெட்டுகளிலும் ஊர்ப்பேச்சிலும் அமைத்தவர். அவரது பணியை விரிவாக ஆராய்ந்த அமெரிக்க இசையினவியலாளர் சோயி ஷெரினியனின் நூல் 2014இல் வெளிவந்தது.

இப்பாடல்கள் ஒலிநாடா வழியாகவும் வாய்மொழியாகவும் பரவியவை. பாடுவோர் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடும் உரிமையோடு வழங்குபவை. ஆதலின் ஒரு பாடவடிவத்தின் வரிகளைப் பகுத்தாய்வதை விடுத்து, எல்லா வடிவங்களுக்கும் அடியில் நிற்கும் படிமத்தையும் அது வேர்கொண்ட சமூகச் சூழலையும் நோக்குவதே இங்கு மேற்கொள்ளப்படும் முறை.

1. விடுதலைப் பயணமும் பாபிலோனும்

அமெரிக்கக் கறுப்பின அடிமைகளின் ஆன்மிகப் பாடல்களில் எகிப்து என்பது தோட்டம். பார்வோன் என்பவன் தோட்ட முதலாளி. யோர்தானைக் கடத்தல் என்பது வடக்கே தப்பிச்செல்லுதல். 1871இல் தோன்றிய பிஸ்க் பல்கலைக்கழக இசைக்குழு இப்பாடல்களை மேடையேற்றி உலகறியச் செய்தது. ஜமைக்காவில் 1930களில் தோன்றிய ராஸ்தாபாரி இயக்கத்தார் தம்மை ஆள்வோரின் அமைப்பு முழுவதையும் பாபிலோன் என்றனர். சிறைப்பட்டோர் ஆற்றங்கரையில் அமர்ந்து அழும் 137ஆம் திருப்பாடலை மெலோடியன்ஸ் குழு 1970இல் ரெகே இசையில் பாடியது. தம் உயிர்மீது நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் இலண்டன் சென்ற பாப் மார்லி, 1977இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு ‘எக்ஸோடஸ்’ என்றே பெயரிட்டார்.

இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான ஒரு கூறு நோக்கத்தக்கது. பாடுவோர் வேறொரு நிலத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவர்கள். இழந்த நிலம் ஒன்று அவர்கள் நினைவில் உண்டு. எனவே ‘வெளியேறுதல்’ என்னும் படிமம் அவர்களது வரலாற்றோடு இயல்பாகப் பொருந்துகிறது.

இந்தியத் தலித் இறையியலும் தொடக்கத்தில் இப்படிமத்தையே நாடியது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையால் இத்துறைக்கு வித்திட்ட அரவிந்த் நிர்மல், பின்னர் இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தில் உள்ள விடுதலை அறிக்கையைத் தலித் மக்களின் வரலாற்றுக்கு முன்மாதிரியாகக் கொண்டார். கருத்தளவில் இது வலிமையானது. ஆயினும் பாடலாக வேர்பிடிப்பதில் இதற்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சேரிக்கும் ஊருக்கும் இடையே கடல் இல்லை. சில நூறு அடி நிலமே உள்ளது. ஒடுக்குவோரின் வயலே ஒடுக்கப்படுவோரின் வேலைத்தலமாகவும் இருக்கிறது. திரும்பிச்செல்ல வேறொரு கானான் இல்லாதவர்க்கு எதிர்ப்பு என்பது அதே ஊரில், அதே கிணற்றடியில், அதே தேநீர்க் கடையில் நிகழ்ந்தாக வேண்டும்.

2. தமிழ்ச் சூழலில் பந்தி

தமிழகத்தில் சமத்துவத்திற்கான போராட்டங்கள் உணவைச் சுற்றி மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) சமபந்தியை நடைமுறைப்படுத்தினார். வடலூரில் வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையின் அடுப்பை ஏற்றினார். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டதை எதிர்த்து 1924–25இல் எழுந்த கிளர்ச்சி, தமிழக அரசியலின் போக்கையே மாற்றிற்று. அக்கிளர்ச்சியில் பெரியாரோடு முன்னின்ற பெ. வரதராசுலு நாயுடு ராசிபுரத்தில் பிறந்தவர். சேலத்தைக் களமாகக் கொண்டு பொதுவாழ்வில் ஈடுபட்டவர். இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் முறை 1941இல் நீங்கியது. சேலம் சந்திப்பை ஒட்டி வாழும் சூரமங்கலம் போன்ற இரயிலடி ஊர்களுக்கு அப்போராட்டத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கிறித்தவத்தின் வரலாறும் இதனின்று விலகியதன்று. இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து வடக்கே பயணம் செய்து சேந்தமங்கலம், மோரமங்கலம், சேலம் ஆகிய ஊர்களில் சமயப்பணி செய்தார். உயர்சாதியினரிடையே பணியாற்றுவதற்காக உணவிலும் உடையிலும் துறவிக்குரிய ஒழுக்கத்தை மேற்கொண்ட அவர், பிறருடன் கலந்துண்பதைத் தவிர்த்தார். 1640இல் தாழ்த்தப்பட்ட சாதியாரிடையே பணிபுரியப் ‘பண்டாரசாமிகள்’ என்னும் தனிப்பிரிவு தொடங்கிற்று. இவ்வாறு சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கிறித்தவம் வந்த முதற்காலத்திலேயே ‘யார் யாரோடு உண்பது’ என்னும் வினாவும் உடன் வந்தது. பூணூலையும் குடுமியையும் அனுமதித்து அதே 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை, உயர்குடியினர் எளியோரை இகழ்ந்து வழிபாட்டில் விலகி நிற்றலாகாது என்றும் வேண்டிக்கொண்டது. அவ்வேண்டுகோளின் நிறைவேற்றம் இன்றுவரை நிலுவையில் உள்ளது.

சீர்திருத்தத் திருச்சபைகளில் இவ்வினா நற்கருணைக் கிண்ணத்தைப் பற்றியதாயிற்று. ஒரே கிண்ணத்தில் எல்லாச் சாதியாரும் அருந்துவதா, உயர்சாதியார் முதலில் அருந்துவதா என்னும் பூசல் நெடுங்காலம் நீடித்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினர்.

3. கீர்த்தனையும் நாட்டுப்பாடலும்

இப்பூசலில் பாடலுக்கும் பங்குண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறித்தவ இசையின் தலைமகன். ‘பெத்லகேம் குறவஞ்சி’ முதலிய அவரது ஆக்கங்கள் தமிழ் இலக்கிய வகைமைகளைக் கிறித்தவத்துள் கொணர்ந்தன. அதே சாஸ்திரியார் 1829இல், புதிதாக வந்த மறைப்பணியாளர்கள் கோயிலில் சாதியினரைக் கலந்து அமரச்செய்வதையும் தம் பாடல்களைப் பாடவிடாது தடுப்பதையும் ஒருசேரக் கண்டித்து எழுதினார். பாட்டின் உரிமையும் இருக்கையின் உரிமையும் அவர் நோக்கில் ஒரே பண்பாட்டு ஒழுங்கின் இரு கூறுகள். தமிழ்ப் பாடலைத் தடுத்த அயலாரின் ஆதிக்கத்தை எதிர்த்த குரலே, உள்ளூர் ஆதிக்கத்தைக் காக்கும் குரலாகவும் ஒலித்தது.

தமிழ்க் கிறித்தவ இசை வரலாற்றில் இது முக்கியமான முரண். ‘தமிழ்மயமாதல்’ என்பது எந்தத் தமிழ், யாருடைய தமிழ் என்னும் வினாவை இது எழுப்புகிறது. குறவஞ்சி குறத்தியைப் பாடுகிறது. எனினும் அவள் பேசும் மொழி புலவர் மொழி. வடிவம் எளியோருடையதாகத் தோன்றினும், அதை மாற்றியமைக்கும் உரிமை எளியோரிடம் இல்லையெனில் படிமத்தின் அரசியல் மாறுவதில்லை.

அப்பாவின் தலையீடு இங்கே நிகழ்கிறது. மேலைநாட்டு ஞானப்பாட்டு குடியேற்றத்தின் சுவடு என்றால், கருநாடக இசைக் கீர்த்தனை உயர்சாதியின் சுவடு என்பது அவரது வாதம். நாட்டார் இசைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டா, நெடும்பயிற்சி வேண்டா, பாடுவோர், கேட்போர் என்னும் பிரிவு வேண்டா. எல்லாவற்றினும் மேலாக, அதனைப் பாடும் ஒவ்வொருவரும் மறுபடைப்புச் செய்யலாம். அதே வேளையில் நாட்டார் வழக்கெல்லாம் விடுதலை வழக்கு என்று அவர் கருதவில்லை; ஆதிக்க மதிப்பீடுகளும் அதனுள் படிந்துள்ளன என்பதை 1986இல் வெளிவந்த தம் நாட்டார் வழக்காற்று நூலில் உணர்த்தினார். ஆகவே அவர் மேற்கொண்டது தேர்ந்தெடுத்து மறுவாக்கம் செய்யும் பணி.

சொற்றேர்விலும் இந்நோக்கு வெளிப்படுகிறது. இயேசு கற்பித்த செபத்தில் ‘பிதா’ என்னும் வடசொல் நின்ற இடத்தில் ‘பெத்தவர்’ என்னும் பேச்சுச்சொல்லை அவர் வைத்தார். அச்சொல் தாய், தந்தை இருவரையும் குறிக்கும். ஆண்பாற் கடவுள் என்னும் எண்ணம் வாதம் ஏதுமின்றியே நெகிழ்கிறது. ‘ற்ற’ என்பது ‘த்த’ ஆகும் ஒலிமாற்றத்தால் செபம் செந்தமிழ் மேடையினின்று இறங்கித் திண்ணைக்கு வந்துவிடுகிறது.

பறையின் நிலை இன்னும் சிக்கலானது. மதம் மாறிய குடும்பங்கள் பல, சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத் தொழிலைக் கைவிடுவதையே விடுதலையாகக் கொண்டன. அக்கருவியைக் கோயிலுக்குள் கொண்டுவருவது அவர்க்கு இழிவை மீண்டும் சுமப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட நூலில் பறையை இறைவெளிப்பாட்டின் குறியீடாக விளக்கினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறையை ஏந்தினர். இவற்றால் அக்கருவி மெல்ல மதிப்பு மீட்கப்பெற்றது. இழிவெனச் சுமத்தப்பட்டதைக் கைவிடுவதும், கையிலெடுத்து மதிப்பேற்றுவதும் ஆகிய இரண்டுமே எதிர்ப்புதான். இவற்றுள் ஒன்றை மற்றொன்றால் பழித்தல் பொருந்தாது.

4. ஓர் உலை

அப்பாவின் பாடல்களுக்கும் இறையியலுக்கும் மையமான கருத்து ‘ஓர் உலை’. ஊர்வழக்கில் ‘ஒரு ஒல’. தத்தம் வீட்டு அரிசியைக் கொணர்ந்து ஒரே பானையில் இட்டுப் பொங்கி, ஒன்றாக அமர்ந்து உண்பது இதன் நடைமுறை வடிவம். நற்கருணையை அவர் இதன் வழியாகவே பொருள்கொண்டார்.

இப்படிமத்திற்கு விவிலியத்தில் உறுதியான அடித்தளம் உண்டு. லூக்காவின் 14ஆம் அதிகாரத்தில் அழைக்கப்பட்டோர் வராதபோது தெருவிலுள்ள ஏழைகள் விருந்துக்கு அழைத்துவரப்படுகின்றனர். பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, தம் இனத்தார் வந்ததும் பந்தியிலிருந்து விலகியதைப் பவுல் நேருக்கு நேர் கண்டித்த நிகழ்ச்சி கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் உள்ளது. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 11ஆம் அதிகாரத்தில், முன்னே வந்தோர் உண்டு களிக்கப் பின்னே வந்தோர் பசியோடு இருந்த நிலை கண்டிக்கப்படுகிறது. பின்னே வந்தோர் வேலை முடிந்து வந்த உழைப்பாளிகளாகவும் அடிமைகளாகவும் இருந்திருப்பர் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. கூலி வேலை முடிந்து பொழுதுசாய வருவோர்க்கு இப்பகுதி உரையின்றியே விளங்கும்.

விடுதலைப் பயண நூலிலேயே பானை ஒன்று வருவதும் கருதத்தக்கது. பாலைநிலத்தில் பசித்த மக்கள் எகிப்தில் தாம் அமர்ந்து உண்ட இறைச்சிப் பானைகளை எண்ணி ஏங்குகின்றனர் (16ஆம் அதிகாரம்). அங்கே பானை அடிமைத்தனத்தின்பால் பின்னிழுக்கும் ஆசை. அப்பாவின் பாடல்களில் அதே பானை விடுதலையின் இடமாகிறது. முன்னதில் படியளப்பவன் எசமான்; பின்னதில் அரிசி இடுவோர் அனைவரும் சமமானவர்.

பந்திக்கும் உலைக்கும் இடையேயுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் மையம். பந்தி எழுப்பும் வினா, யார் அருகில் யார் அமர்வது என்பது. உலை எழுப்பும் வினா அதனினும் ஆழமானது: யார் வீட்டு அரிசி உள்ளே விழுந்தது? யார் கை அதைக் கிளறியது? சாதி ஒழுக்கத்தில் அரிசியை யாரிடமிருந்தும் பெறலாம். தாழ்த்தப்பட்டோர் நட்டு அறுத்துக் குத்திய அரிசியே எல்லா வீட்டுக்கும் சென்றது. அது நீரில் வெந்து சோறாகும் கணத்தில்தான் தீட்டு பிறக்கிறது. அரிசிக்குச் சாதியில்லை, சோற்றுக்கு உண்டு என்னும் இம்முரண் நிகழும் துல்லியமான இடம் கொதிக்கும் உலை. ஒரே உலையில் பல வீட்டு அரிசி விழுந்தபின் எந்தப் பருக்கை யாருடையது எனப் பிரிக்க இயலாது.

ஆண்டுதோறும் அண்ணா நினைவு நாளிலும் விடுதலை நாளிலும் அரசு திருக்கோயில்களில் நடத்தும் பொதுவிருந்தோடு இதனை ஒப்பிடலாம். அவ்விருந்து பந்தியைச் சமமாக்குகிறது, மதிக்கத்தக்க முயற்சியே. ஆயின் சமையற்கூடம் அங்கு வினாவுக்கு உட்படுவதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகப் பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதைச் சாதியினர் எதிர்த்தனர். பிள்ளைகள் அருகருகே அமர்ந்து உண்பதைக் குறித்து எழுந்த சிக்கலன்று அது. சமைத்த கையைக் குறித்து எழுந்தது. பந்தி சமமான பின்னும் உலை சமமாகாமல் இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. படிமத்தின் எல்லைகள்

இப்படிமத்தின் வலிமையைக் கூறிய அளவில் ஆய்வு நிறைவடையாது.

முதலாவதாக, விடுதலைப் பயணப் படிமம் பகைவனைப் பெயர்சொல்லி அழைக்கிறது. அங்கே பார்வோன் உண்டு. உலைப் படிமத்தில் பார்வோன் இல்லை. எனவே அதனை இணக்கத்தின் படிமமாக மட்டும் குறுக்கி, நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றை மறந்துவிட வாய்ப்புண்டு. ஞாயிறன்று கோயிலில் ஒன்றாகப் பாடுவோர், திங்களன்று தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களைக் காக்கலாம். விழுப்புரம் மாவட்டம் எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டபோது எழுந்த மோதல், காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இருவர் உயிரிழந்தனர். ஒரே பலிபீடத்திலிருந்து நற்கருணை பெற்றவர்களிடையே நிகழ்ந்தது அது.

இரண்டாவதாக, உலை வைப்பவர் யார் என்னும் வினா. அடுப்படி பெண்களின் தலையில் ஏற்றப்பட்ட உழைப்பு. உலையைப் போற்றும் பாட்டு அவ்வுழைப்பையும் சேர்த்துப் போற்றி நிலைநிறுத்திவிடலாகாது. ‘பெத்தவர்’ என்னும் விளி இதற்கு ஓரளவே மறுமொழியாகிறது. பாடல்களைக் கிராமத்துப் பெண்கள் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிப் பாடியதை ஷெரினியனின் களஆய்வு பதிவுசெய்துள்ளது. எஞ்சிய மறுமொழியை அம்மாற்றங்களிலேயே தேடவேண்டும்.

மூன்றாவதாக, சட்டத்தின் நிலை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத் தலித்துகள் சேர்க்கப்படவில்லை. இது குறித்து ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஆணையம் அமைக்கப்பட்டது. சபைக்குள் சாதியால் ஒதுக்கப்படுவோர், அரசின் முன் சாதியற்றவராகக் கருதப்படுகின்றனர். இவ்விரட்டை இழப்பைச் சுட்டும் படிமம் உலையில் இல்லை. இங்குப் பாபிலோனே கூடுதலாகப் பொருந்தும்.

எனினும் உலைப் படிமத்திற்கே உரிய சிறப்பு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். விடுதலைப் பயணம் பாடுவோரை ஒரே மக்களினமாகக் கொள்கிறது. தமிழகத் தலித் மக்களிடையேயோ உட்படிநிலைகள் உள்ளன. அருந்ததியர் மிகுதியாக வாழும் சேலம், நாமக்கல் பகுதியில் இது கண்கூடு. 2009இல் அவர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டதன் பின்னணியும் இதுவே. வெளியே உள்ள பார்வோனை நோக்கிப் பாடுவது எளிது. உலைப் பாட்டு பாடுவோனையே திரும்பி நோக்குகிறது. தனக்குக் கீழெனக் கருதுபவரின் அரிசியை அவன் தன் பானையில் இடுவானா என்று கேட்கிறது. எதிர்ப்பு, பாடுவோரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்னும் இக்கோரிக்கை வேறு படிமங்களில் எளிதிற் காணப்படுவதில்லை.

முடிவுரை

மக்கள் பாடலில் விவிலியப் படிமம் அரசியல் ஆற்றல் பெறுவது, அப்படிமம் உலகப் புகழ் பெற்றது என்பதனால் அன்று. அவ்வூரில் ஒடுக்குமுறை செயற்படும் இடத்தை அது தொடுகின்றது என்பதனால். கடல் கடத்தப்பட்டோர்க்கு அவ்விடம் இழந்த நிலம். தமிழகத் தலித் மக்களுக்கு அது சோறு. அப்பாவின் பாடல்கள் பந்தியிலிருந்து உலைக்கு நகர்ந்ததன் மூலம், சமபந்திப் போராட்டங்கள் தொடாது விட்ட அடுப்பங்கரையை அரசியலுக்குள் கொணர்ந்தன. பாடலின் மொழி, மெட்டு, மறுபடைப்பு உரிமை ஆகியன இந்நகர்வுக்குத் துணைநின்றன.

இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணி களஆய்வே. சூரமங்கலம் முதல் சேந்தமங்கலம் வரையுள்ள சபைகளின் அறுப்புப் பண்டிகைகளில் பாடப்படும் பாடல்களைத் தொகுப்பதோடு, அந்நாளின் பொதுவிருந்தில் அரிசி எவ்வெவ்வீடுகளிலிருந்து வருகிறது, சமைப்போர் யாவர், கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா என்பவற்றையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும். பாட்டையும் பானையையும் சேர்த்துப் பதிந்தால்தான் படிமம் நடைமுறையானதா, நடைமுறைக்கு மாற்றாக நின்றுவிட்டதா என்பதை அறுதியிட்டுக் கூற இயலும்.